அவன் ஏன் குதித்தான்?

"எல்லாம் சரி. அவன் ஏன் குதிச்சான்?"

படம் முடிந்து விளக்கைப் போட்டிருந்தார்கள். நாங்கள் கண்ணைக்கூடக் கசக்கி முடிக்கவில்லை, அதற்குள் தயாரிப்பாளர் கேட்டுவிட்டார். வெளியே யாருக்கும் காட்டுவதற்கு முன்னால் நாங்களே உட்கார்ந்து பார்க்கிற சின்னத் திரையரங்கு அது. அவர் முன்வரிசையில் எழுந்து திரும்பி நின்று, இருக்கையின் சாய்மானத்தில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு, பரீட்சைத் தாளைத் திருப்பிக் கொடுக்க வந்த வாத்தியார் மாதிரி எங்களைப் பார்த்தார். பக்கத்தில் அவருடைய மைத்துனர். அவர் எழுந்திருக்கவில்லை. தூங்கி எழுந்த முகம்.

இதே கேள்வியைத் தயாரிப்பாளர் கதை கேட்ட அன்றும் கேட்டார். திரைக்கதையைப் படித்துக் காட்டிய அன்றும் கேட்டார். இரண்டு தடவையும் பொறுமையாகப் பதில் சொன்னேன், அவரும் தலையாட்டினார். எனக்குப் பொறுமை இயல்பிலேயே கம்மி. இருந்ததையும் அந்த இரண்டு தடவையில் செலவழித்துவிட்டேன்.

"தெரியாது சார். அதான் கதை" என்றேன்.

"உங்களுக்குத் தெரியாதா, அவனுக்குத் தெரியாதா?"

"யாருக்குமே தெரியாது. எழுதினவருக்கும் தெரியாது."

"யாராவது அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"அவர் செத்து எவ்வளவோ வருஷம் ஆச்சு சார்."

"அதானே பாத்தேன்" என்றார், பதில் சொல்லப் பயந்துதான் மனுஷர் செத்துப்போனார் என்பதைப் போல.

இந்தப் படத்துக்கு மூலமான நாவலைப் படிக்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வரி அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவன் சாயங்காலம் பாலத்தின் மேல் நடந்து வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறான். கீழே ஆற்றில் முன்பின் தெரியாத ஒரு ஆள் முழுகிக்கொண்டிருக்கிறான். இவன் பையைக் கீழே வைத்துவிட்டுக் குதிக்கிறான். அந்த ஆளைக் கரைக்கு இழுத்துப் போடுகிறான். ஊரே கொண்டாடுகிறது. ஏன் குதித்தாய் என்று பத்திரிகைக்காரர்கள் கேட்கிறார்கள். தெரியாது என்கிறான். முதலில் அடக்கம் என்று நினைக்கிறார்கள். பாராட்டு விழா மேடையிலும் அதையே சொல்கிறான், அப்போது திமிர் என்கிறார்கள். சும்மா கருணை என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலையேன் என்று மனைவி அழுகிறாள். இல்லாததை எப்படிச் சொல்வது என்கிறான். ஊர் அவனிடம் பேச்சை நிறுத்துகிறது. கெட்டவனைக்கூட மன்னித்துவிடுவார்கள், காரணம் சொல்லாமல் நல்லது செய்தவனை அவர்களால் தாங்க முடியவில்லை.

கடைசி அத்தியாயத்தில், காப்பாற்றப்பட்டவன் அவன் அறையைத் தேடி வருகிறான். விறைப்பாக உட்கார்ந்து, "ஏன் என்னைக் காப்பாற்றினீர்கள்?" என்று கேட்கிறான். "தெரியாது" என்கிறான் இவன். வந்தவன் அவனை ஏற இறங்கப் பார்க்கிறான். பிறகு சட்டையின் கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிட்டு, "அப்பாடா" என்று நாற்காலியில் சாய்கிறான். நாவல் முடிந்தது.

அந்த 'அப்பாடா'வுக்காகத்தான் நான் இந்தப் படத்துக்கு வசனம் எழுத வந்தேன்.

ஏனென்று சொல்ல வேண்டுமானால் என் வயிற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வலது அடிவயிற்றில் என் கொழுந்தனுடைய சிறுநீரகம் இருக்கிறது. எனக்கு இரண்டும் கெட்டுப்போய், வாரத்துக்கு மூன்று தடவை ஊசியும் குழாயுமாகப் படுத்துக் கிடந்த காலம் ஒன்று இருந்தது. என் கணவருக்குச் சர்க்கரை, அவரால் கொடுக்க முடியாது. என் கூடப் பிறந்த அண்ணன் அந்த மாதம் தொலைபேசி எண்ணையே மாற்றிவிட்டான். யாராவது கொடுத்தால்தான் உண்டு என்று டாக்டர் சொன்னபோது, பக்கத்தில் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொழுந்தன் நின்றிருந்தான். அன்றைக்கு என்னை வண்டியில் கூட்டிக்கொண்டு வந்ததே அவன்தான். ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் செய்கிறவன், சட்டைக் கையில் எப்போதும் கறுப்புப் பொடி ஒட்டியிருக்கும். "என்னோடது ஒத்து வருமான்னு பாருங்களேன்" என்றான். கடைக்குப் போகிறேன், ஏதாவது வாங்கி வரணுமா என்று கேட்கிற குரல்.

ஒத்து வந்தது. கொடுக்கிறவனை யாரும் மிரட்டிக் கொண்டுவரவில்லை என்று உறுதி செய்வதற்கு மருத்துவமனையில் ஒரு குழு வைத்திருந்தார்கள். நானும் கணவரும் கதவுக்கு வெளியே நின்றோம். கதவு சரியாகச் சாத்தவில்லை.

"ஏன் குடுக்கறீங்க?"

"தெரியல சார்."

"யாராவது கேட்டாங்களா?"

"யாரும் கேக்கல. டாக்டர் சொன்னப்போ நான் பக்கத்துல நின்னுட்டிருந்தேன்."

"பக்கத்துல நின்னா குடுத்துடுவீங்களா?"

"அது... எப்பவும் அப்படின்னு சொல்ல முடியாது சார்."

காரணம் சொல்லாவிட்டால் அனுமதி கிடையாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கணவர் தம்பியை மாடிப்படிக்கு இழுத்துக்கொண்டு போய், பாசம்னு சொல்லுடா எருமை என்று காதில் ஓதி மறுபடி உள்ளே தள்ளினார். பாசம் என்று சொன்னான். அனுமதி கிடைத்தது.

சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஆளுக்கு ஒன்று கண்டுபிடித்தார்கள். வீட்டில் பங்கு எழுதி வாங்கியிருப்பான் என்றார் பெரியப்பா. என் வளர்ப்பு அப்படி என்று மாமியார் பெருமையை எடுத்துத் தன் தலையில் சூட்டிக்கொண்டார். நாத்தனார் ஒருத்தி குரலைத் தாழ்த்தி, அண்ணி மேல அவனுக்கு ஒரு இது என்று சொல்லியிருக்கிறாள். அந்த 'இது' என் காதுக்கு வந்த அன்று அவள் வீட்டுக்கே போய் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்டுவிட்டு வந்தேன். தையல்கூட அப்போது பிரிக்கவில்லை.

நானும்தான் அவனைக் கேட்டேன். பொய் சொல்வானேன். அறுவை முடிந்து, இருவரும் ஆளுக்கொரு பாட்டிலைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி நடைவழியில் நடக்கப் பழகிக்கொண்டிருந்தோம். "ஏன்டா குடுத்த?" என்றேன். "தெரியல அண்ணி. ஏன், குடுத்திருக்கக் கூடாதா?" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் தையல் வலித்தது, வலித்ததில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன், நெஞ்சில் இருந்த பெரிய பாரம் ஒன்று இறங்கிவிட்டது. அவன் என்மேல் பாசத்துக்காகக் கொடுத்திருந்தால், அந்தப் பாசத்துக்கு நான் காலம் முழுக்கத் தகுதியாக இருந்தாக வேண்டும். தியாகம் என்றால் அவன் வாசலில் நுழையும்போதெல்லாம் எழுந்து நிற்க வேண்டும். தெரியல என்றதால், நான் அவனைத் திட்டலாம். ரிமோட்டுக்குச் சண்டை போடலாம். ஈரக் காலோடு உள்ளே வராதே என்று கத்தலாம். அவனும் பதிலுக்குக் கத்துவான். நான் நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டிருப்பது அந்த ஒரு வார்த்தையால்தான்.

அதற்குப் பிறகுதான் நாவல் கைக்கு வந்தது. கடைசிப் பக்கத்தைப் படித்தபோது, என்னை எப்படித் தெரியும் இந்த மனுஷருக்கு என்று உட்கார்ந்துவிட்டேன்.

இயக்குநரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். யூனிட்டில் அவருக்குத் 'தத்துவம்' என்று பெயர். அவர் இல்லாதபோது மட்டும். அந்த நாவலைப் பல வருஷமாகத் தோள்பையில் வைத்துக்கொண்டு திரிந்தவர். கடைசிப் பக்கத்தை வாய்விட்டுப் படித்தால் பாதியிலேயே புத்தகத்தை மூடிவிடுவார், நானே பார்த்திருக்கிறேன். இதைப் படமாக எடுக்காமல் சாகமாட்டேன் என்பார். அவரை நம்பினேன். ஒருநாள் டீ குடிக்கும்போது, உங்களுக்கு இந்தப் புத்தகம் ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்று கேட்டார். கொழுந்தன் விஷயத்தைச் சொன்னேன். சினிமா உலகத்தில் வேறு யாரிடமும் சொன்னதில்லை, உங்களோடு இருக்கட்டும் என்று சொல்லித்தான் சொன்னேன். கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கடைசிக் காட்சி எடுக்கிற அன்று எங்களுக்குள் முதல் சண்டை வந்தது. ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடி அறை. ஜன்னல், இரும்புக் கட்டில், இரண்டு நாற்காலி. காப்பாற்றப்பட்டவன் நாற்காலியில் கேமராவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான். கதாநாயகனை ஜன்னலைப் பார்த்து நிற்கவைத்து, கேமராவை அவன் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தார் தத்துவம்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. படம் பிடிக்கும்போது நடிகர் பேசுவது சும்மா ஒரு அடையாளத்துக்கு. பிறகு ஒலிக்கூடத்தில் உட்கார்ந்து, திரையில் உதடு அசைவதைப் பார்த்துப் பார்த்து, எல்லாவற்றையும் திரும்பப் பேசிப் பதிவு செய்வார்கள். உதடு தெரிந்தால் அந்த உதட்டுக்குப் பொருந்துகிற வார்த்தையைத்தான் போட முடியும். உதடு தெரியாவிட்டால் எதை வேண்டுமானாலும் போடலாம். படத்தை அறுத்துத் தைக்கிறவர்களுக்கு நடிகனின் முதுகு என்றால் கொள்ளைப் பிரியம். கதையில் எங்கே ஓட்டை விழுந்தாலும் ஏதாவது ஒரு முதுகைத் தேடிப்பிடித்து ஒரு வரியை ஏற்றி அடைத்துவிடுவார்கள்.

"முகத்தை எடுங்க சார்" என்றேன். "தெரியாதுன்னு அவன் சொல்றதை ஜனங்க கண்ணால பாக்கட்டும்."

"அவனுக்கு முகம் கிடையாது மேடம். அவன்தான் நாம எல்லாரும்."

"நம்ம எல்லாருக்கும் முகம் இருக்கே சார்."

உதவி இயக்குநர்கள் திரும்பி நின்று சிரித்தார்கள். தத்துவத்துக்குக் காது சிவந்துவிட்டது. பிடரியில் விழுகிற வெளிச்சம் பிரமாதம் என்று ஒளிப்பதிவாளர் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார். சரி, முதுகிலேயே எடுங்கள், பாதுகாப்புக்கு முன்னால் இருந்தும் ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன். பாதுகாப்பு தேடுகிறவன் கலைஞன் இல்லை என்றார். இப்படி ஒரு பதிலுக்குப் பிறகு என்ன பேசுவது? கதாநாயகனுக்கு ஒரே ஷாட், முதுகு மட்டும். எல்லாரும் கைதட்டினார்கள்.

இப்போது மறுபடி அந்தச் சின்னத் திரையரங்குக்கு வருவோம். தயாரிப்பாளர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். மைத்துனர் வாயைத் திறந்தார்.

"மச்சான், அவனுக்கு ஒரு லவ்வர் இருந்து, அவ ஆத்துல விழுந்து..."

"அம்மா" என்றார் தயாரிப்பாளர். "அம்மான்னா எடுபடும்."

"அம்மா எல்லாப் படத்துலயும் சாகுது. தங்கச்சி?"

"தங்கச்சி" என்று தயாரிப்பாளர் சொல்லிப் பார்த்தார். "தங்கச்சி. சின்ன வயசுல. அதே ஆத்துல. இவன் அப்போ பயந்துக்கிட்டுக் குதிக்கல. அதான் இப்போ குதிச்சுட்டான்."

"அடடா" என்றார் மைத்துனர், உண்மையாகவே கலங்கிப்போய்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சார், அவன் படம் முழுக்கத் தெரியாது தெரியாதுன்னு சொல்லி ஊர்ப் பகையைச் சம்பாதிக்கறான். வேலை போகுது, பொண்டாட்டி போறா. கடைசில தங்கச்சின்னு சொன்னா இவ்வளவு நேரம் அவன் என்ன, எல்லார் காதுலயும் பூ சுத்திட்டிருந்தானா?"

"மனசுக்குள்ள வெச்சுப் புழுங்கிட்டிருந்தான்னு ஆகும்மா. இன்னும் வெயிட்டு."

நான் தத்துவத்தைப் பார்த்தேன். மனுஷர் தோள்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொல்ல வேண்டிய இடம் அது. இதற்காகத்தானே இத்தனை வருஷம் சுமந்தார்? சொல்லட்டும், நான் பின்னால் நிற்கிறேன் என்று காத்திருந்தேன்.

"எல்லாத்தையும் எடுத்து முடிச்சாச்சு. மறுபடி ஷூட்டிங்னா எங்கிட்ட வழியில்ல. எங்க போய் இதைச் சேக்கறது?" என்று தயாரிப்பாளரே அலுத்துக்கொண்டார். கேள்வி அதோடு செத்திருக்கும். அவர் வீட்டுக்குப் போயிருப்பார். படம் பிழைத்திருக்கும்.

"கடைசி ஷாட்ல அவன் முதுகுதான் சார் தெரியுது" என்றார் தத்துவம், மெல்லிய குரலில்.

ஒலிக்கூடம் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைக்குக் கீழே இருந்தது. சுவரெல்லாம் பஞ்சுப்பலகை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடிகர் நிற்கிற இடம், இந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர், அவருக்குப் பின்னால் ஒரு நீள சோபா. நான் போனபோது சோபாவில் எனக்கு இடம் விட்டு, பேனாவும் தாளும் எடுத்து வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் வந்த கோபத்தில் நான் உட்காரவே இல்லை.

"ரெண்டு வரிதான் மேடம்" என்றார் தத்துவம். "நீங்க எழுதினா கொஞ்சம் நாகரிகமா இருக்கும். இல்லன்னா இவங்களே ஏதாவது எழுதிடுவாங்க."

"எழுத மாட்டேன்."

"நான் மட்டும் சந்தோஷமாவா கேக்கறேன்? ரிலீஸ் ஆகணும்ல? ஜனங்க பாக்காத படத்தை வெச்சு என்ன பண்றது?"

"ஜனங்க பாக்கற படத்துல அந்தக் கதை இல்லையே சார். அப்புறம் எதைப் பாக்கறாங்க?"

"மேடம், சுதந்திரம்னா என்ன? நாம தேர்ந்தெடுக்கறதுதான். நான் இப்போ இதைத் தேர்ந்தெடுக்கறேன்."

தத்துவத்தின் தத்துவம் அவருக்கு எவ்வளவு வசதியாக வளைந்துகொடுக்கிறது பாருங்கள். சீச்சீ என்று ஆகிவிட்டது எனக்கு.

கதாநாயகனாக நடித்தவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தயாராக நின்றிருந்தார். நல்ல நடிகர், நல்ல மனிதர். நீங்களாவது சொல்லுங்களேன் என்று ஒலிவாங்கி வழியாகக் கேட்டேன். "தப்பா நினைச்சுக்காதீங்க மேடம். இந்தப் படத்துலயே எனக்கு நடிக்கறதுக்குன்னு ஏதாவது கெடைச்சிருக்குன்னா அது இந்த ரெண்டு வரிதான்" என்றார்.

மைத்துனரோடு சோபாவில் உட்கார்ந்திருந்த தயாரிப்பாளரைத் தத்துவம் வெளியே கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது தயாரிப்பாளரின் முகம் மாறியிருந்தது. குழைந்து, கனிந்து, சாவு வீட்டுக்குள் நுழைகிறவர் மாதிரி வந்தார். எனக்குப் பழச்சாறு கொண்டுவரச் சொன்னார். சர்க்கரை போடலாமா, உப்பு சேர்க்கலாமா, டாக்டர் என்ன சொல்லியிருக்கிறார் என்று கேட்டார். எனக்குப் புரிந்துவிட்டது. தத்துவம் சோபாவின் மறுமுனையில் என் கண்ணைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

"முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதாம்மா?" என்றார் தயாரிப்பாளர். "உங்க கொழுந்தன்... தெய்வம்மா. இப்பத்தான் புரியுது நீங்க ஏன் இவ்வளவு கோபப்படறீங்கன்னு. உங்க சொந்த விஷயம், மனசு தாங்கல. ஒண்ணும் தப்பில்ல. நீங்க வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க."

ஒலிப்பதிவாளர்கூட என்னைத் திரும்பிப் பரிதாபமாகப் பார்த்தார்.

எனக்கும் ஒரு தங்கச்சியைக் கண்டுபிடித்துவிட்டார்கள்! அவனுக்கு ஆற்றில் போன தங்கச்சி, எனக்கு அடிவயிற்றில் ஒரு சிறுநீரகம். காரணம் கிடைத்துவிட்டால் அப்புறம் நான் சொல்வதைக் கேட்கவே வேண்டாம். பாவம் என்று ஒரு சொல், ஒரு டம்ளர் சாறு, விஷயம் முடிந்தது.

"சார்" என்றேன். குரல் நடுங்கியது, நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன். "எனக்கு சிறுநீரகம் நல்லா இருந்திருந்தாலும் இதே கோபம்தான் வந்திருக்கும். நீங்க பண்றது தப்பு, அதனால கோபப்படறேன். வேற ஒண்ணும் இல்ல. ஒருத்தன் ஒரு நல்லது பண்ணா அதுக்குக் கீழ ஒரு பொணத்தைத் தோண்டி எடுத்தாத்தான் உங்களுக்கு நிம்மதியா? சும்மா பண்ணினான்னா ஏன் உங்களுக்கு உடம்பு எரியுது? நீங்க சும்மா ஒண்ணுமே பண்ணதில்லையா, உங்க வாழ்க்கைல?"

"பாவம்" என்று மைத்துனர் தயாரிப்பாளரிடம் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுக் கதவைத் தள்ளினேன். பஞ்சுக் கதவு, ஓங்கிச் சாத்தவும் முடியவில்லை.

பிறகு நடந்ததை ஒலிப்பதிவாளர்தான் தொலைபேசியில் சொன்னார். முதுகில் தங்கச்சியை ஏற்றிவிட்டார்கள். நடிகர் உண்மையாகவே அழுதாராம். ஆனால் அடுத்த ஷாட்டில் ஒரு சிக்கல். தங்கச்சி செத்த கதையைக் கேட்டுவிட்டு, எதிரே இருக்கிறவன் பொத்தானைக் கழற்றி "அப்பாடா" என்கிறான். அவனுக்கு முகம் தெரிகிறது, உதடு தெரிகிறது. வேறு எந்த வார்த்தையும் அந்த உதட்டில் ஒட்டவில்லை. ஐயோ, அம்மா, தங்கச்சி, எல்லாம் போட்டுப் பார்த்தார்களாம். கடைசியில் அவன் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அந்த ஷாட்டை வெட்டிவிட்டு, அதற்குப் பதிலாக ஆற்றில் ஒரு சிவப்பு ரிப்பன் மிதந்து போவதாகப் போட்டார்கள். மறுபடி ஷூட்டிங் நடத்த வழியில்லை என்றவர்களுக்கு ரிப்பன் வாங்கி மிதக்கவிட வழி இருந்திருக்கிறது.

படம் ஓடியது. அதைச் சொல்வதற்கே எனக்கு நாக்குக் கூசுகிறது. என் பெயரை எடுக்கவும் இல்லை. மரியாதைக்காக என்று தத்துவம் அதைத் திரையில் தனியாக, பெரிதாக, கறுப்புப் பின்னணியில் போட்டிருந்தார். தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரும் கூப்பிட்டு அந்தத் தங்கச்சி வசனத்துக்காக என்னைப் பாராட்டினார்கள். நான் எழுதவில்லை என்றால், உங்களுக்குத்தான் எவ்வளவு அடக்கம் என்றார்கள். அதற்குமேல் நான் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை.

நான் படம் பார்க்கப் போவதாக இல்லை. கொழுந்தன்தான் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சிக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்து நின்றான். "உங்க பேரு இவ்வளவு பெருசா வருதாமே அண்ணி" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். என் கணவருக்கு வேலை இருந்தது. நாங்கள் இருவரும் போனோம். போகாமல் இருந்திருக்கலாம்.

என் பெயர் வந்தபோது விசில் அடித்தான். மேடைக் காட்சியில் கதாநாயகன் தெரியாது என்று சொன்னதும், என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். மருத்துவமனைக் குழுவுக்கு முன்னால் தான் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்திருக்க வேண்டும். இடைவேளையில்கூட அதைச் சொல்லிச் சிரித்தான். கடைசிக் காட்சி வந்தது. அந்த முதுகு பேச ஆரம்பித்தது. எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா. தியேட்டர் முழுக்க மூக்கை உறிஞ்சுகிற சத்தம். முன்னிருக்கையில் ஒரு அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் திரும்பினேன். கொழுந்தன் சிரிக்கவில்லை. ரிப்பன் மிதந்து மறைந்து விளக்குப் போட்ட பிறகும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வண்டி நிறுத்துமிடம் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. எப்போதும் படத்தைப் பற்றித் தொணதொணக்கிறவன். ஹெல்மெட்டை என்னிடம் நீட்டிவிட்டு, விடாமல் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அண்ணி, அப்போ எனக்கும் ஏதோ இருந்திருக்கும்ல?"

"என்னடா இருந்திருக்கும்?"

"காரணம். எனக்குத் தெரியாம உள்ளுக்குள்ள இருந்திருக்கு. அவனுக்கு இருந்த மாதிரி." கண்ணில் ஒரு வெளிச்சம். "இப்போதான் ஞாபகம் வருது. நான் பரீட்சைல தோத்துட்டு வந்த அன்னிக்கு அப்பா என்னை வெளிய தள்ளிக் கதவைச் சாத்தினாரு. மழை வேற. நீங்கதானே வந்து கதவைத் தெறந்து விட்டீங்க? துண்டு குடுத்தீங்க. அதான் அண்ணி. அதுக்காகத்தான் குடுத்திருக்கேன்."

அவன் ஒரு பரிசை நீட்டுகிற மாதிரி அதை என்னிடம் நீட்டிக்கொண்டிருந்தான்.

"டேய், நீ தோத்தப்போ எனக்குக் கல்யாணமே ஆகல. உங்க வீடு எந்தத் தெருவுல இருக்குன்னே எனக்குத் தெரியாது. கதவைத் தெறந்தது உங்க அத்தை."

"அத்தையா?"

"அத்தைதான். அவங்களே நூறு தடவை சொல்லியிருக்காங்க."

அவன் முகம் விழுந்துவிட்டது. கொஞ்ச நேரம் ஹெல்மெட்டின் பட்டையைத் திருகிக்கொண்டிருந்தான்.

"உனக்குத் தெரியலடா. தெரியாமதான் குடுத்த. அதுல என்ன குறைச்சல்?" என்றேன். கத்திவிட்டேன் போலிருக்கிறது, வண்டி எடுக்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அன்னிக்குச் சொன்னியே, அதையே சொல்லு. தெரியலன்னு சொல்லு."

"கோபப்படாதீங்க அண்ணி" என்றான். இத்தனை வருஷத்தில் நான் கத்தினால் அவனும் கத்துவான். அன்றைக்கு என் தோளைத் தட்டிக்கொடுத்தான். "ஏதாவது இருக்கும். ஒண்ணும் இல்லாமயா ஒருத்தன் குடுப்பான்? நான் யோசிச்சுச் சொல்றேன்."

வண்டியில் ஏறினோம். பெரிய சாலைக்கு வந்து சிவப்பு விளக்கில் நின்றோம். அவன் பிடரியும் ஹெல்மெட்டும்தான் எனக்குத் தெரிந்தது. யோசித்துக்கொண்டிருக்கிறான் என்பது அந்தத் தலை சாய்ந்திருந்த விதத்திலேயே புரிந்தது. வேண்டாம்டா, விட்டுடுடா என்று சொல்ல வாயெடுத்தேன்.

"அண்ணி" என்றான் திரும்பாமல். "எனக்கு அம்மை போட்டிருந்தப்போ வேப்பிலை வெச்சுக் கூடவே உக்காந்திருந்தது... அது நீங்களா, அம்மாவா?"

பச்சை விழுந்துவிட்டது. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். அவன் என் பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றான்.